கேஸ் ஷீட்டில் நான் எழுதவைத்த பொய்

குடியாத்தத்தில் குழித்தறியில் லுங்கி நெய்யும் என் அண்ணனுக்குக் கால் வீங்கியபோது, நாளெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதால் வந்த வீக்கம் என்றே நினைத்தோம். வயிறும் உப்பி, இடுப்பில் லுங்கி நிற்காமல் போன பிறகுதான் வேலூருக்கு அழைத்துச் சென்று மருத்துவமனையில் சேர்த்தோம். குடிப்பாரா என்று கேட்டார்கள். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "கல்யாணம் காட்சி என்றால் கொஞ்சம்" என்று நான்தான் சொன்னேன். உண்மையில் தினமும் இரண்டு குவார்ட்டர், 360 மில்லி, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக.

மூன்றாம் நாள் இரவு அவருக்குக் கை நடுங்கியது. உடம்பு வியர்வையில் நனைந்தது. போர்வையின் மேல் இல்லாத இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டபடியே, "பாவு அறுந்துபோச்சுடா, லைட்டைப் போடு" என்றார். அப்போதுதான் நர்ஸிடம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். பல ஆண்டுகள் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படிப் பிதற்றும், வலிப்பு வரும், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம் என்று மருத்துவர் விளக்கினார். வைட்டமின் பி1 ஊசியும், கெட்டுப்போன கல்லீரலாலும் சமாளிக்க முடியும் என்பதால் லோராசெபாம் என்ற, நடுக்கத்தை அடக்கும் மருந்தும் கொடுத்தார்கள். முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் அந்த இரவு நேர்ந்திருக்காது.

ஸ்கேனில் கல்லீரல் சுருங்கியிருந்தது. வயிற்றிலிருந்து 6 லிட்டர் நீரை இறக்கி, கூடவே ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தையும் ஏற்றினார்கள். என்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் இரத்தக்குழாய்கள் புடைத்திருந்ததால், அவை வெடித்து இரத்த வாந்தி வராமலிருக்க ரப்பர் வளையம் போட்டார்கள். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் அவர் வீடு வந்து சேர்ந்த நாள்களைப் போதை என்று நாங்கள் ஏசியிருக்கிறோம். பாதத்தின் நரம்புகளே மரத்துப்போயிருந்தன என்பது அங்கே ஊசியால் குத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

உப்பு உடம்பில் நீரைத் தேக்கும் என்பதால் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் வீட்டைவிட்டுப் போயின. கருவாட்டுக்குத்தான் பெரிய சண்டை நடந்தது. பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்தப்போன அண்ணியை உணவு ஆலோசகர் கண்டித்தார். தசை கரைந்துபோன உடம்புக்குப் புரதம் கட்டாயம் வேண்டுமாம், படுக்கப்போகும் முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டுமாம். இப்போது அண்ணி தினமும் காலையில் அவரை எடைமேடையில் ஏற்றி, நாள்காட்டித் தாளில் கிலோவைக் குறித்து வைக்கிறார். எடை மளமளவென்று ஏறினால் மறுபடியும் நீர் சேர்கிறது என்று பொருள். அப்படி ஒருமுறை ஏறியபோது, மறுநாளே நாங்கள் வேலூர் பஸ்ஸில் இருந்தோம்.