மரபணு வரிசைத் தரவுத்தளச் செய்முறைத் தேர்வு: இரண்டாம் முறை தேறியபின் எழுதுவது

சென்ற வாரம் முடிவு வந்தது. உயிர்த்தகவலியல் செய்முறைத் தாளில் தேறிவிட்டேன். முதல் முறை இதே தாளில் தவறியவன் நான் என்பதால், எங்கே சறுக்கினேன் என்பது நினைவில் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிட விரும்புகிறேன்.

என்னை வீழ்த்தியது ஒரே ஓர் எண். அரிவாள் செல் சோகைக்குக் காரணமான மாற்றத்தை எச்.பி.பி. மரபணுவில் (ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கு உரியது) கண்டு, அதைச் சுற்றியுள்ள வரிசையை எடுத்து, புரதத்தில் விளையும் மாற்றத்தை எழுத வேண்டும். 11ஆம் குரோமோசோமில் 5248232 என்று இடம் தரப்பட்டிருந்தது. அதை அப்படியே, குரோமோசோம் வரிசையை இடவாரியாகக் காட்டும் ஜீனோம் உலாவியில் இட்டேன். உலாவி திறந்திருந்ததோ மனித ஜீனோமின் ஒப்பீட்டு வரிசையாக 2013இல் வெளிவந்த ஜி.ஆர்.சி.எச்.38 தொகுப்பில், வினாவின் எண் 2009இல் வெளிவந்த ஜி.ஆர்.சி.எச்.37க்கு உரியது என்பது அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. புதிய தொகுப்பில் அந்த இடம் 5227002. இடைவெளி 21,230 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் ஏ, சி, ஜி, டி). அந்த மரபணுவின் மொத்த நீளமே ஏறத்தாழ 1,600 எழுத்துகள்தாம். குரோமோசோமின் நீளத்துக்குள் அடங்கும் எந்த எண்ணைக் கொடுத்தாலும் உலாவி மறுப்பின்றி ஓர் இடத்தைக் காட்டிவிடும் என்பதால், தவறு நடந்ததற்கான அறிகுறியே தெரியவில்லை. தொடர்ந்து வந்த மூன்று வினாக்களும் அந்த வரிசையை நம்பியிருந்தன.

ஆகவே எந்த எண்ணையும் தொகுப்பின் பெயரோ பதிப்பு எண்ணோ இல்லாமல் தாளில் எழுதாதீர்கள். எச்.பி.பி.யின் ஆர்.என்.ஏ. வரிசைப் பதிவை என்.எம்_000518 என்று எழுதினால் பாதி விடைதான், என்.எம்_000518.5 என்பதே முழு முகவரி, ஏனெனில் வரிசையில் ஓர் எழுத்து மாறினாலும் புள்ளிக்குப் பின்னுள்ள எண் மாறும்.

இதே மரபணுவில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. டி.என்.ஏ.வின் இரு இழைகளில் எச்.பி.பி. எதிர் இழையில் படிக்கப்படுவது; ஓர் இழையின் ஏ-வுக்கு எதிரே மற்றதில் டி நிற்கும். குரோமோசோமின் முன்னோக்கு இழையில் டி ஏ-வாக மாறுவதுதான், மரபணுவின் குறியீட்டு வரிசையில் 20ஆம் இடத்தில் ஏ டி-யாக மாறுவதாகத் தெரிகிறது. அடுத்து, பழைய பாடநூல்கள் குளுட்டாமிக் அமிலம் வாலினாக மாறுவதை 6ஆம் இடம் என்கின்றன. தொடக்க மெத்தியோனினையும் எண்ணும் இன்றைய முறையில் அது 7. இரண்டும் ஒரே மாற்றம்தான் என்று தெரிந்துகொண்ட பின்பே எனக்குப் பதற்றம் அடங்கியது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

- ஜென்பேங்க், ஐரோப்பிய நியூக்ளியோடைடு காப்பகம், ஜப்பானின் டி.டி.பி.ஜே. ஆகிய மூன்று பொது வரிசைத் தரவுத்தளங்களும் நாள்தோறும் தரவைப் பரிமாறிக்கொள்வதால், மூன்றிலும் தேடி நேரத்தை இழக்க வேண்டாம்.
- ஜென்பேங்க் ஒரு காப்பகம். அனுப்பியவரின் பதிவு அவருடையதாகவே அங்கே இருக்கும். ஒப்பிடுவதற்கு, அதற்கென்றே தொகுக்கப்பட்ட ரெஃப்செக் பதிவை எடுங்கள்.
- ரெஃப்செக்கில் எக்ஸ்.எம் என்று தொடங்குவது கணினியின் கணிப்பு, என்.எம் இருக்கும்போது அதைத் தொடாதீர்கள்.
- ஒத்த வரிசைகளைக் கண்டறியும் பிளாஸ்ட் தேடலில் ஈ-மதிப்பு (தற்செயலாகவே கிடைக்கக்கூடிய பொருத்தங்களின் எண்ணிக்கை) தரவுத்தளத்தின் அளவைப் பொறுத்து மாறும் என்பதால், எந்தத் தளத்தில் தேடினீர்கள் என்பதையும் விடையில் எழுதுங்கள்.
- குரோமோசோம் இடங்களைப் பட்டியலிடும் பெட் கோப்புகள் 0இலிருந்து எண்ணுகின்றன; உலாவியின் தேடல் பெட்டி 1இலிருந்து எண்ணுகிறது.

நான் மெதுவாக வேலை செய்பவன். வேகமாகத் தட்டச்சு செய்யும் நண்பர்கள் பத்துச் சாளரங்களைத் திறந்து வைத்துத் தேறினார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டாம் முறை, தாளின் மேல் விளிம்பில் தொகுப்பு, பதிப்பு, இழை என்ற மூன்று கட்டங்களை வரைந்து, அவை நிரம்பும்வரை விசைப்பலகையைத் தொடவில்லை. அதற்குச் செலவான ஐந்து நிமிடங்களை எங்கும் இழப்பாக உணரவில்லை.

பயிற்சிக்கு, மரபணு மாற்றங்களையும் அவற்றின் நோய்த்தொடர்பையும் பதியும் கிளின்வார் தரவுத்தளம் போதும். அங்கே பெரும்பாலான பதிவுகளில் 37, 38 ஆகிய இரு தொகுப்புகளின் இடங்களும் அடுத்தடுத்து இருக்கும். நாளுக்குப் பத்துப் பதிவுகளை எடுத்து, 38இன் எண்ணைப் பார்க்காமல் லிஃப்ட்ஓவர் கருவியால் 37இலிருந்து மாற்றி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் நிற்கும் எழுத்து பதிவில் உள்ள மூல எழுத்தோடு பொருந்துகிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.