குமிழி

பம்பு ஓடுது. ஆனா நீச்சல் குளத்துக்குள்ள திரும்புற தண்ணியில ஒரே குமிழி.

காலாப்பட்டு கெஸ்ட் ஹவுஸ்ல ரெண்டு நாளா இதே ரோதனை. நேத்து வந்தவர் மோட்டாரையே மாத்தணும்னுட்டார்.

இன்னிக்கு வந்த அண்ணன் பையைக்கூடத் திறக்கல. குளத்தோரம் குந்தி, குமிழியையே பாத்தார்.

"காத்து இழுக்குது தம்பி. உறிஞ்சுற பக்கம்தான்."

மெயினை அணைச்சு, பம்புக்கு முன்னாடி குப்பை பிடிக்கிற ஸ்ட்ரெய்னர் மூடியைத் திருகினார். கூடை நிறைய சவுக்குச் சருகு. அதுகூடப் பரவாயில்ல. மூடியோட ரப்பர் வளையம் வெயில்ல காஞ்சு, வத்தல் மாதிரி வெடிச்சிருந்தது.

புது வளையம். மேல மெல்லிசா சிலிக்கான் கிரீஸ். (வேசலின் தடவினா ரப்பர் ஊதிடுமாம். நான் தடவியிருந்தேன்!) கூடை வழியத் தண்ணி ஊத்தி மூடினார்.

அப்பாவும் கொல்லை மோட்டாரை இப்படித்தான் கிளப்புவார், ஒரு குடம் ஊத்தி.

நேத்து ஆளோட கொட்டேஷன் இன்னும் வாட்ஸப்ல இருக்கு.