11 கிராம் குருவியும் 450 ரூபாய் ஆட்டோவும்

முதலில் ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் மனசு ஆறவில்லை. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊசுடு ஏரி 10 கிலோமீட்டர்தான் இருக்கும். விடியற்காலை 4.45க்கு எனக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டு 600 கேட்டார், பேசிப் பேசி 450க்கு வந்தார், அப்புறம் கரை வரை வராமல் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். அநியாயம். போகிறவர்கள் முதல் நாளே வண்டி பேசிவிடுங்கள்.

சரி, ஏரிக்கு வருவோம். வனத்துறை அனுமதியோடு நாலு ஆராய்ச்சி மாணவர்கள் கோரையை ஒட்டி மிஸ்ட் நெட் கட்டியிருந்தார்கள். தலைமுடி போன்ற கறுப்பு நூல் வலை, பனியில் கண்ணுக்கே தெரியாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறார்கள், பறவை அதிக நேரம் தொங்கக் கூடாது. முதலில் சிக்கிய பழுப்புக் கீச்சான் ஒரு பையனின் விரலைக் கடித்து ரத்தமே வரவைத்துவிட்டது.

அடுத்தது பிளித் நாணல் கதிர்க்குருவி. ரஷ்யா, மத்திய ஆசியா பக்கம் கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு இங்கே வருவது. மாணவர்களில் ஒரு பெண் அதன் கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவில் மெதுவாகப் பிடித்து, தொண்டை இறகை 'ஃபூ' என்று ஊதி விலக்கினாள். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தோலுக்கு அடியில் துளி மஞ்சள் கொழுப்பு. ஊருக்குக் கிளம்பும் முன் இது நிறைய ஏற வேண்டும், பறக்கிற தூரத்துக்கெல்லாம் இதுதான் டீசல். இறக்கை 62 மில்லிமீட்டர். துணிப்பையில் போட்டு நிறுத்தால் 11 கிராம், ஏறக்குறைய மூன்று ஒரு ரூபாய்க் காசு! காலில் அலுமினிய வளையம் மாட்டி, இடுக்கியால் அழுத்தி, தடையில்லாமல் சுற்றுகிறதா என்று நகத்தால் திருப்பிப் பார்த்தாள். வளையத்தில் எண்ணும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லும் வரியும்.

மாடு ஓட்டி வந்த பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "இவ்ளோ கஷ்டப்பட்டுப் புடிச்சு வுட்டுடறியேம்மா, எதுக்கு?" என்றார்.

"அடுத்த வருஷமும் இங்கயே வருதான்னு பாக்கத்தான் தாத்தா."

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, அடுத்து வலையிலிருந்து எடுத்த கதிர்க்குருவியின் காலில் ஏற்கெனவே வளையம்! எண்ணை வாசிக்க வாசிக்க ஒருவன் பழைய நோட்டைப் புரட்டினான். போன ஜனவரி, இதே கரை, இதே கோரைப் புதர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவரும் மாட்டை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார். அவள் விரலை விரித்தாள். குருவி நேராக அந்தக் கோரைக்குள்தான் போனது.