கிள்ளி எடுக்கும் தூரத்தில் கீரை

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த குடும்பங்களுக்கு, வீட்டிலேயே காய்கறி வளர்க்க, முதலில் நாங்கள் கொடுத்தது தக்காளி நாற்று. வீட்டுக்கு நான்கு வளர்ப்புப் பைகள், அவற்றில் நிரப்பத் தென்னை நார்க் கழிவுக் கட்டி, கூடவே கத்தரியும் மிளகாயும். 2023 ஜூலை அது. சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சில ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்குத் தக்காளி விற்ற மாதம். வாசலிலேயே காய்த்தால் அந்தச் செலவு மிச்சம்தானே என்று அலுவலகத்தில் பேசி முடிவு செய்தோம். மூன்று மாதம் கழித்து என் பொறுப்பில் இருந்த பிளாக்கை ஏறி இறங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பைகளில் செடியே இல்லை. இருந்தவையும் ஒல்லியாக உயர்ந்து, பூத்து, பூவை உதிர்த்துக்கொண்டிருந்தன.

சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பெரிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆற்றங்கரைகளில் இருந்தவர்களையும், 2004 சுனாமியிலும் 2015 வெள்ளத்திலும் பாதிக்கப்பட்டவர்களையும் கொண்டுவந்து குடிவைத்த இடங்கள். அப்படி ஒரு குடியிருப்பில்தான் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராக இரண்டு வருடம் வேலை பார்த்தேன்.

ரேஷன் அரிசி இலவசம் என்பதால் அங்கே சோற்றுக்குப் பெரிய தட்டுப்பாடு இல்லை. தொட்டுக்கொள்ளத்தான் எதுவும் இருக்காது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் பஸ் பிடித்து, பழைய இடத்துக்கே, இருபது கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள். திரும்ப இரவு ஏழு ஏழரை ஆகிவிடும். காலையில் கீரை விற்க வரும் அம்மா அப்போது எங்கே இருப்பார்? வழியில் வாங்கலாம் என்றால் கையில் பஸ் காசுதான் இருக்கும். ஆகவே ரசம், ஊறுகாய், பிள்ளைகளுக்கு ஐந்து ரூபாய் சிப்ஸ். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. மூன்றாவது மாடி ஏறியதும் படியிலேயே உட்கார்ந்துவிடும் அக்காக்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண் எனக்கு நினைவுக்கு வரும்.

தக்காளி ஏன் வரவில்லை என்று எனக்குச் சொன்னவர் தரைத்தளத்தில் இருந்த ஒரு அக்கா.

“அதுக்கு நாள் முழுக்க வெயில் வேணும்மா. இந்த வராண்டால காலைல ரெண்டு மணி நேரம் அடிக்கும், அவ்ளோதான். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

அடையாற்றங்கரையில் இருந்தபோது வீட்டு வேலியில் கொடிப்பசலையும் ஓரத்தில் முருங்கையும் வைத்திருந்தவர் அவர். அந்தப் பிளாக்கில் அவரைப் போல நிறைய பேர் இருந்தார்கள். நாங்கள் பை கொடுக்கப் போனோமே தவிர, யாருக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. இன்றும் எனக்கு வருத்தம் அதில்தான்.

வெயில் மட்டும் இல்லை. தென்னை நார்க் கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் நிரப்ப வேண்டும். நல்ல தண்ணீர் குடத்தில் எண்ணி வரும் இடத்தில் யார் அலசுவார்கள்? போர் தண்ணீரும் உப்பு. இலையோரம் கருகியதற்கு நாங்கள் பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் எல்லாவற்றையும் மாற்றினோம். மாற்றினோம் என்பதைவிட, அவர்கள் சொன்னபடி செய்தோம். விலை கொடுத்து வாங்கும் பைக்குப் பதில் காலி பெயின்ட் பக்கெட், உடைந்த பிளாஸ்டிக் குடம், அரிசிச் சாக்கு. பக்கெட்டின் அடியில் ஓட்டை போடாமல், பக்கவாட்டில் ஒரு அங்குலம் மேலே போட்டோம். அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கும், ஒருநாள் ஊற்ற மறந்தாலும் செடி தாங்கும். தென்னை நாரைக் குறைத்து, செம்மண்ணும் மக்கிய சாணமும் சேர்த்தோம். தண்ணீருக்கு அரிசி களைந்ததும் காய் கழுவியதும். மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லதுதான். ஆனால் பொதுவழியில் நாற்றம் வந்து இரண்டு வீட்டுக்குச் சண்டையே வந்துவிட்டது, அதை விட்டுவிட்டோம்.

செடிகளும் மாறின. குறைந்த வெயிலுக்கே வந்துவிடும் கீரைகள்தான் பெரும்பாலும். சமையலறை வெந்தயத்தைத் தூவினால் மூன்று வாரத்தில் கீரை. அரைக்கீரை ஒரு மாதத்துக்குள் அறுப்புக்கு வரும், அடியை விட்டு அறுத்தால் திரும்பத் துளிர்க்கும். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டாம், வாங்கிய கீரைக்கட்டில் வரும் தண்டை ஊன்றினால் போதும். புதினாவும் அப்படியே. ஜன்னல் கம்பியில் கொடிப்பசலை.

இதை வைத்து ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவை தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு ஆளுக்கு நாளைக்குக் காய்கறியும் பழமுமாக 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பக்கெட்டில் ஒரு அறுப்புக்கு ஒரு கைப்பிடிதான் வரும். ஆனால் காசில்லாத மாதக் கடைசியில், இரவு எட்டு மணிக்கு, பருப்பில் போட அந்தக் கைப்பிடி கிடைக்கிறது.

எங்கள் அறிக்கைப் படிவத்தில் ‘விநியோகித்த பைகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘இந்த வாரம் எத்தனை நாள் பறித்துச் சமைத்தீர்கள்’ என்று ஒரு கட்டத்தை நானே பேனாவால் கோடு போட்டுச் சேர்த்தேன். அதை அச்சில் ஏற்ற எட்டு மாதம் கேட்க வேண்டியிருந்தது.

தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத்துக்கு மானிய விலையில் பைகளும் விதைகளும் கொடுத்துவருவது நல்ல விஷயம். ஆனால் அதற்கு மாடி வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டைமாடி யாருக்கும் சொந்தமில்லை. எங்கள் பிளாக்கில் அது பூட்டியே கிடந்தது. நாள் முழுக்க வெயில் காயும் அந்த இடத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து அவரையும் புடலையும் போடலாம். சாவிக்காக மூன்று மனு எழுதினோம். நான் வேலையை விட்டு வரும்வரை பதில் வரவில்லை.

போன மாதம் அந்த அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பசலைக் கொடி முதல் மாடி ஜன்னல்வரை ஏறியிருந்தது. மேல் வீட்டுப் பெண் கையை நீட்டிப் பறித்துக்கொண்டிருந்தாள்.

“பறிச்சிக்கட்டும்மா, நான்தான் சொன்னேன். நுனியைக் கிள்ளினாத்தானே பக்கத்துல கிளை விடும்” என்றார்.