கீழ்ப்பல் நிக்க மாட்டேங்குது

ஜூலை 9, செவ்வாய்

பல்லெல்லாம் பிடுங்கின ஈறு ஆறிடுச்சாம். கீழே இடது பக்கம் மட்டும் எலும்பு ஒண்ணு கூரா நிக்குது. நாக்கு சும்மா இருக்காம அங்கேயே போய்ப் போய்த் தடவுது. தானா மழுங்கிடும், இல்லேன்னா ராவிடலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஆடி முடியறதுக்குள்ள பல்செட் கைக்கு வந்துடுமான்னு கேட்டேன். "என்னய்யா அவசரம்?" ஆவணிக் கல்யாணத்துல நாகஸ்வரம் வாசிக்க அட்வான்ஸ் வாங்கியிருக்கிறதைச் சொல்லலை.

ஜூலை 11

குழைஞ்ச சோறு. மோர். மறுபடி குழைஞ்ச சோறு.

ஜூலை 15, திங்கள்

அளவு எடுத்தாங்க. பொடியைத் தண்ணியில குழைச்சு, தட்டுல வச்சு, வாய்க்குள்ள அழுத்திப் பிடிச்சாங்க. ஜில்லுனு தொண்டை வரைக்கும் இறங்குச்சு, குமட்டிக்கிட்டு வந்துச்சு. "முன்னால குனிஞ்சுக்குங்க ஐயா, மூக்கால மூச்சு விடுங்க." பத்து வயசுலேருந்து மூச்சை வச்சுப் பொழைக்கிறவன்கிட்ட மூச்சுப் பாடம்!

உடனே இறுகிடுச்சு. அதை எடுத்து, மாக்கல் மாவு ஊத்தி அச்சு எடுப்பாங்களாம். கொஞ்ச நேரத்துல அச்சைக் காட்டினாங்க. மேலே பரவாயில்லை, மேடு நல்லா இருக்கு. கீழே மேடே இல்லை. பல்லு போனதும் அதைத் தாங்கின எலும்பு கரைய ஆரம்பிச்சுடும், முதல் வருஷம்தான் வேகம் ஜாஸ்தி, அப்புறமும் நிக்காது. வருஷக்கணக்குல பார்த்தா கீழ்த்தாடை மேலே உள்ளதைப் போல நாலு மடங்கு கரையுமாம். பல்செட்டுல மேல் தட்டு அண்ணம் முழுக்க ஒட்டிக்கும், நடுவுல இருக்கிற எச்சில்தான் பிடிமானம். கீழ்த் தட்டுக்கு இடமும் குறைச்சல், நடுவுல நாக்கு வேற. "கீழ்ப்பல்தான் உங்களைப் படுத்தும், இப்பவே சொல்லிடறேன்."

ஜூலை 17, புதன்

ஆடி பொறந்தாச்சு. கோயில்ல சாயங்கால வாசிப்பு பெரியவன்தான். திண்ணையிலேருந்தே கேட்டுச்சு. கல்யாணி ராகம். நாக்கால தட்டி ஊதற துத்துகாரம் கொஞ்சம் அவசரம். வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். வந்தான், சாப்பிட்டான், படுத்துட்டான்.

ஜூலை 22, திங்கள்

ரெண்டாவது அளவு. பச்சைக் குச்சி ஒண்ணை நெருப்புல இளக்கித் தட்டோட விளிம்புல ஒட்டி, வாயில வச்சு, "ஊ சொல்லுங்க, ஈ சொல்லுங்க, கன்னத்தை உறிஞ்சுங்க, நாக்கை நீட்டுங்க"ன்னு ஆட்டி வச்சாங்க. உதடு எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும்தான் தட்டு போகணுமாம். உதட்டைக் குவிக்கச் சொன்னப்ப பழக்கத்துல சீவாளி, நாகஸ்வரத்துல வாய் வச்சு ஊதற நாணல், அதைப் பிடிக்கிற மாதிரியே குவிச்சுட்டேன். நிமிர்ந்து பார்த்தாங்க. "இன்னொரு தடவை அதே மாதிரி பண்ணுங்க ஐயா."

அப்புறம் ஒரு களிம்பு. வாயெல்லாம் கிராம்பு வாசம். ராத்திரி மோர்சாதத்துலயும் கிராம்பு.

ஜூலை 24

பழைய போட்டோ கொண்டு வரச் சொல்லியிருந்தாங்க, பல்லோட அளவும் வரிசையும் பார்க்கணுமாம். பொட்டியைக் கொட்டிக் கவுத்தாச்சு. திருவாரூர், சிதம்பரம், சிங்கப்பூர்ல ஒரு கும்பாபிஷேகம், ரேடியோ ஸ்டேஷன் வாசல், எத்தனையோ கல்யாணம். ஒண்ணுலகூட என் பல்லு இல்லை. எல்லாத்துலயும் வாயில நாகஸ்வரம், கன்னம் உப்பிக் கிடக்கு. எங்க கல்யாணப் போட்டோவுல வாயை இறுக்கி மூடியிருக்கேன். "அன்னிக்கே சிரிச்சிருந்தா இன்னிக்கு உதவியிருக்கும்"னு அவ சொல்றா.

கடைசியில அவளே ஒண்ணு கண்டுபிடிச்சா. பந்தியில உட்கார்ந்து எதுக்கோ சிரிக்கிறேன், பல்லெல்லாம் வெத்தலைக் காவி.

ஜூலை 30

மேட்டூர் 120 அடி. நிரம்பிடுச்சு.

ஆகஸ்ட் 1, வியாழன்

மெழுகுல மேலே ஒரு வரப்பு, கீழே ஒரு வரப்பு. மூக்கு நுனியிலயும் தாடையிலயும் பேனாவால புள்ளி வச்சு அளந்தாங்க. உயரம் கூடிட்டா பேசறப்பவே பல்லு டக்கு டக்குனு இடிக்கும், குறைஞ்சா முகம் இப்ப இருக்கிற மாதிரியே சுருங்கிக் கிடக்கும். நாக்கை மடக்கி அண்ணத்தைத் தொட்டுக்கிட்டே கடிக்கச் சொன்னாங்க, அப்பத்தான் தாடை அது இடத்துக்குப் போகுமாம்.

கலர் பார்க்க வரிசையா பல்லு மாட்டின பட்டை. அவ வெள்ளையா ஒண்ணைக் காட்டினா. நான் பழுப்பைக் காட்டினேன். நடுவுல ஒண்ணு முடிவாச்சு.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

ஆத்துல தண்ணி ஓடுது. எனக்கு மட்டும் தேங்காய் சாதத்தை மிக்ஸியில ஒரு சுத்து சுத்திக் கொடுத்தா. பேத்தி எட்டிப் பார்த்துட்டு, "தாத்தா, நீயும் பாப்பா சாப்பாடா?" சோறு இறங்கலை. எரிஞ்சு விழுந்துட்டேன், குழந்தை அழுதுச்சு.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்னிக்கு எழுதணும்.

மெழுகுல பல்லு பதிச்சு வச்சிருந்தாங்க, பார்த்துச் சரி சொன்னாத்தான் அக்ரிலிக்ல வேக வைப்பாங்களாம். வாயில வச்சுக் கண்ணாடியில பார்த்தேன். அப்பா முகம் தெரிஞ்சுது. போதும்னு எழுந்திருக்கப் போனேன், அவங்க விடலை. "அது கொண்டு வந்திருக்கீங்களா?" ரெண்டாவது அளவு அன்னிக்கு அந்த உதட்டுக் குவிப்பைப் பார்த்ததுலேருந்து கேட்டுக்கிட்டே இருந்தவங்க. சட்டைப் பையிலேருந்து டப்பாவை எடுத்தேன். திருவாவடுதுறைச் சீவாளி, நாலு இருந்துச்சு. கையில வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, இதுக்கு எந்த நாணல்னு கேட்டாங்க. கொறுக்கைத் தட்டைன்னு சொன்னேன். நுனியை விரலால தொடப் போனாங்க, வேண்டாம்மான்னு தடுத்துட்டேன்.

அப்புறம் என் வாயில. ஊதக் கூடாது, மெழுகு நகர்ந்துடும். சும்மா பிடிக்க மட்டும். பிடிச்சேன். மேலுதட்டுக்குப் பின்னால சுவர் இருக்கு, ஆனா சுவர் தள்ளி இருக்கு. சொல்லத் தெரியலை, விரலால காட்டினேன். அவங்க புரிஞ்சுக்கிட்டாங்க. கத்தியைச் சூடு காட்டி, மேலே முன்பல் ஆறையும் ஒரு மயிரிழை முன்னால தள்ளினாங்க. மறுபடி பிடி. இன்னும் கொஞ்சம். மறுபடி. அந்த மூணாவது பிடியில உதடு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துச்சு. கண்ணு கலங்கிடுச்சு, வெளிச்சம் கூசுதுன்னு சொல்லி வச்சேன்.

ரொம்ப முன்னால போனா மேல் தட்டு கவிழும், இதுக்கு மேல முடியாதுன்னாங்க. வேண்டாம், இது போதும்.

ஆகஸ்ட் 10

ஜப்பான்ல 1538ல செத்துப்போன ஒரு பெண் துறவியோட பல்செட் இன்னும் இருக்காம், மரத்துலயே கடைஞ்சதாம். பெரியவன் போன்ல காட்டினான். நாகஸ்வரம் கடையற நம்ம ஆச்சா மரம் கிடைச்சிருந்தா அவங்களுக்கு இன்னும் நல்லா அமைஞ்சிருக்கும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பல்செட் வந்தாச்சு. மேலே பதினாலு, கீழே பதினாலு. வாய் நிறைய வேற யாரோ இருக்காங்க. எச்சில் ஊறி ஊறி வழியுது. வாய் இதைச் சாப்பாடுன்னு நினைக்குதாம், சில நாள்ல அடங்கிடும். "சரி, சரி"ன்னு சொன்னா விசில் அடிக்குது. பேப்பரைச் சத்தமா படிக்கச் சொல்லியிருக்காங்க. முன்பல்லால கடிக்கக் கூடாது, ரெண்டு பக்கமும் சமமா மெல்லணும். ராத்திரி கழட்டித் தண்ணியில போடணும், வெந்நீர் ஆகாது, வளைஞ்சுடும். கழுவறப்ப கீழே பக்கெட்டுல தண்ணி இருக்கணும், கை தவறி விழுந்தா தரையில பட்டு உடைஞ்சுடும்.

இட்லி. ருசி எங்கேயோ தூரத்துல இருக்கு. சூடு தெரியலை, தொண்டைக்குப் போனப்பறம்தான் சுட்டுச்சு.

ஆகஸ்ட் 17

கீழே வலது பக்கம் நாக்கடியில புண்ணு. எடுத்து வச்சுட்டேன்.

ஆகஸ்ட் 19

புண்ணு மேல ஊதாப் பென்சிலால தொட்டு, தட்டை வச்சு எடுத்தா அந்த இடம் தட்டுல பதிஞ்சிருக்கு. அங்கே மட்டும் ராவினாங்க. நம்ம சீவாளி சீவற கணக்குதான். ஒரு இழை ஜாஸ்தி போனா ஆளே போச்சு. பொறுமையான கை. வர்றதுக்கு முந்தின நாள் கட்டாயம் போட்டிருக்கணும், இல்லேன்னா புண்ணு எங்கேன்னு தெரியாதுன்னு திட்டு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எல்லாரும் கோயிலுக்குப் போனதும் கதவைத் தாழ் போட்டேன். சீவாளியை வாயில போட்டு நனைச்சேன். நாகஸ்வரத்தோட மேல்முனைக் கெண்டையில மாட்டினேன்.

மேல் தட்டு முன்னால அழுத்தத்துல பின்பக்கம் கழண்டு நாக்கு மேல விழுது. காத்து உள்ளே போச்சுன்னா எச்சில் பிடிமானம் அவ்வளவுதான். அதையாவது உதட்டால தாங்கிடலாம். கீழ்ப்பல்! துத்துகாரத்துக்கு நாக்கு அசைஞ்ச உடனே கிளம்பி மிதக்குது. ஒவ்வொரு துத்துகாரத்துக்கும் ஒரு எழும்பல். பப்பப்னு ஒரு சத்தம் வந்துச்சு. அது நாகஸ்வரம் இல்லை.

பல்லு போனதுக்கு வெத்தலைதான் காரணம்னு ஊரே சொல்லுது. சர்க்கரைன்னு டாக்டரம்மா. யாரு காரணமா இருந்தா என்ன.

ஆகஸ்ட் 26

பேப்பர் படிச்சேன். "ச" சரியாயிடுச்சு.

ஆகஸ்ட் 29

முறுக்கு. ஊற வச்சுத்தான். ஆனாலும் முறுக்கு.

செப்டம்பர் 8, ஞாயிறு

கல்யாணம். அட்வான்ஸ் வாங்கினது நான், வாசிச்சது பெரியவன். நான் பக்கத்துல பட்டு வேட்டியோட சுருதிப் பெட்டி. தவில்காரர், "பல்லு ஜம்முனு இருக்கு அண்ணே, பத்து வயசு குறைஞ்சுடுச்சு"ன்னார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், "ஐயா ஒரு தோடி"ன்னு கேட்டுட்டார். இன்னிக்குத் தம்பி வாசிக்கட்டும்னு சொன்னேன். அவன் வாசிச்சான். கெட்டிமேளத்துக்குக் கை தானா எழுந்துச்சு. மடியில வச்சு அழுத்திக்கிட்டேன்.

பந்தியில நல்லாவே சாப்பிட்டேன், அதையும் எழுதணும். அவியல், வடை எல்லாம்.

செப்டம்பர் 11

மேல் தட்டுக்குப் பின்னால விளிம்பு ஏத்திக் கொடுத்திருக்காங்க, இப்ப சட்டுனு கழலலை. கீழுக்கு ஒரே வழிதானாம்: முன்னால எலும்புல ரெண்டு ஸ்க்ரூ, அது மேல குமிழ், தட்டு அதுல பட்டன் மாதிரி மாட்டிக்கும். ஒட்டற க்ரீம் பேச்சுக்கு, சாப்பாட்டுக்குச் சரி, ஊதறதுக்கு நிக்காது. ஸ்க்ரூவுக்கு ஆகிற பணத்தைச் சொன்னாங்க. ஒரு முகூர்த்த சீசன் போயிடும். அதுக்கும் முன்னால சர்க்கரை இறங்கணும். மூணு மாச சராசரி 9.1. எட்டுக்குக் கீழே கொண்டு வாங்க, பார்ப்போம்னாங்க.

செப்டம்பர் 12

அவகிட்ட பணத்தைச் சொல்லலை. சர்க்கரையை மட்டும் சொன்னேன். காபியில சக்கரை நின்னுடுச்சு.

செப்டம்பர் 20

நடை. பெருமாள் கோயில் தெரு வரைக்கும்.

அக்டோபர் 4, வெள்ளி

நவராத்திரி. கொலு பார்க்க வந்த கும்பல் போனப்பறம், கீழ்த் தட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டு மேலே மட்டும் வச்சு ஊதிப் பார்த்தேன். கீழுதடு வெறும் ஈறு மேல படுத்துக்குச்சு. ஷட்ஜம் நின்னுச்சு. ரிஷபம், காந்தாரம் வந்துச்சு. பஞ்சமத்துக்கு மேல ஏற மாட்டேங்குது, உதடு நழுவுது. இருந்தாலும் கீழ்ஸ்தாயியில தோடின்னு அடையாளம் தெரியற அளவுக்கு ஒரு பிடி. பெரியவன் கதவுகிட்ட நின்னான். உள்ளே வரலை. காலையில, "அந்த மெல்லிசு சீவாளியை வச்சுப் பாருங்கப்பா, அழுத்தம் குறைச்சலா இருந்தா ஏறும்"னு மட்டும் சொன்னான்.

அக்டோபர் 6

மெல்லிசு சீவாளி. தைவதம் வரைக்கும். ஈறு கிழிஞ்சுடுச்சு, உப்புத் தண்ணி.

அக்டோபர் 9

ரத்தம் கொடுத்துட்டு வந்தேன். ரிசல்ட் சாயங்காலம். திருவாவடுதுறைக்குப் போன் போட்டு, இன்னும் மெல்லிசா ரெண்டு கேட்டிருக்கேன். தைப்பூசத்துக்கு யாரோ தேதி கேட்டு வந்தாங்களாம், அவ என்ன பதில் சொன்னான்னு இன்னும் கேட்கலை.