எட்டாம் வகுப்பிலிருந்து மீண்டும்: தனித்தேர்வராகப் படித்த அனுபவம்

2006இல் இலங்கையின் மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டபோது ஏழாம் ஆண்டோடு என் படிப்பு நின்றது. மன்னாரிலிருந்து படகேறித் தனுஷ்கோடியில் இறங்கி, மண்டபம் அகதிகள் முகாமில் பதிவு முடித்து, புதுக்கோட்டை மாவட்டத்து லேணாவிளக்கு முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாததால், கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு வெள்ளையடிக்கவும் தேக்குக் கதவுகளுக்கு வார்னிஷ் பூசவும் போனேன். மறுபடியும் படிக்க வேண்டும் என்று தீர்மானித்தபோது வயது பத்தொன்பது.

முதலில் அணுகிய டுடோரியல் ஒன்றில், எட்டாம் வகுப்பெல்லாம் தேவையில்லை, பணம் கட்டினால் வெளிமாநில வாரியம் ஒன்றின் பத்தாம் வகுப்புச் சான்றிதழே வந்துவிடும் என்றார்கள். அப்படி வாங்கிய முகாம் நண்பர் ஒருவரைக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ள மறுத்ததை அறிந்திருந்ததால் எழுந்து வந்துவிட்டேன். பள்ளிக்குப் போகாதவர்களுக்குத் தமிழக அரசின் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு மெதுவானது. ஆனால் அதன் சான்றிதழை யாரும் சந்தேகப்பட்டு இரண்டாம் முறை திருப்பிப் பார்ப்பதில்லை.

பள்ளி மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) இல்லாதது பெரிய தடையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும். பிறப்புச் சான்றிதழையே ஆதாரமாகக் காட்டலாம். இலங்கையில் பெற்ற என் பிறப்புச் சான்றிதழை அம்மா பாலிதீன் உறையில் போட்டுப் படகிலும் நனையாமல் கொண்டுவந்திருந்தார். முகாமில் பலருக்கு அதுவும் இல்லை என்பதால், என் நிலையை எல்லோருக்கும் பொருத்திச் சொல்ல மாட்டேன்.

மதியச் சாப்பாட்டு வேளையில் வேலை செய்யும் வீட்டிலேயே புத்தகத்தைத் திறப்பேன். ஒரு வீட்டு ஆச்சி, "முகப்புல வெயிலடிக்குது, உள்ள வந்து வளவுல உக்காந்து படி தம்பி" என்று வீட்டின் நடு முற்றத்துக்கு அழைத்து ஃபேனையும் போட்டுவிட்டார்.

பத்தாம் வகுப்பில்தான் உண்மையான சிக்கல். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். முன்னதில் 20, பின்னதில் 15 வாங்கினால்தான் தேர்ச்சி. எல்லாப் பாடங்களையும் முதல் முறையாக எழுதும் நேரடித் தனித்தேர்வர்கள் 125 ரூபாய் கட்டிப் பதிவு செய்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் செய்முறைப் பயிற்சி பெற வேண்டும். 80 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது. வகுப்புக்குப் போகும் நாளில் கூலி கிடையாது, மேஸ்திரியின் முணுமுணுப்பும் உண்டு. தினக்கூலி இளைஞர்கள் படிப்பைக் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு. மாலை வகுப்பாக வைத்தால் பாதிப் பேராவது தப்பிப்பார்கள்.

இருந்தாலும் அந்த வகுப்புகள் எனக்குப் பிடித்திருந்தன. குவிலென்சை ஜன்னல் பக்கம் பிடித்து, வெள்ளைத்தாளை முன்னும் பின்னும் நகர்த்தியபோது வெளியே தூரத்தில் நின்ற வேப்பமரம் தாளில் தலைகீழாக, இலை அசைவோடு தெளிவாக விழுந்தது. லென்சுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுதான் குவியத்தொலைவு. மனப்பாடம் செய்தும் பிடிபடாத பாடம் அன்று நின்றபடியே புரிந்தது.

பிளஸ் டூவையும் தனித்தேர்வராகவே எழுதி, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வி வழியாக பி.காம். சேர்ந்தேன். இப்போது முகாமில் யாராவது கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: செய்முறைப் பதிவு கல்வியாண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், பொதுத்தேர்வு நெருங்கும்போது போய்க் கேட்டால் அந்த ஆண்டு போய்விடும்.