மாமனாரின் அரிவாள்

சென்ற சனிக்கிழமை மாலை நான் நூறு பேர் முன்னிலையில் குடிகாரனாக மேடையேறினேன் என்பதை, வேறு யாராவது படம் அனுப்பி என் தந்தைக்குத் தெரிவிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

குடிகாரனின் பெயர் பிளௌசூனாஸ். அவனைப் படைத்தவர் லித்துவானியக் கவிஞர் கிறிஸ்டியோனாஸ் டொனெலைடிஸ். அவருடைய 'மெதை' ('ஆண்டு') என்னும் நெடுங்கவிதையை, லித்துவானியத் தலைநகர் வில்னியுஸில் உள்ள எங்கள் பேட்டை நூலகத்தில் நாடகமாக்குவது என்று மார்ச் மாதத்தில் என் மனைவி முடிவு செய்தாள். அவள் முடிவு செய்த பிறகு இந்த வீட்டில் யாருக்கு எந்த வேடம் என்பதை மட்டுமே விவாதிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, தந்தை அதை 'மெத்தை' என்று கேட்டுக்கொண்டு, வில்னியுஸில் இலவம்பஞ்சு கிடைக்கிறதா என்று விசாரித்தார்.

மெத்தையாக இருந்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும். நான்கு பருவங்கள், ஏறத்தாழ மூவாயிரம் அடிகள், கதை என்று ஒன்றும் கிடையாது. தொல்மின்கியேமிஸ் கிராமத்தில் 1743 முதல் 1780இல் இறக்கும் வரை போதகராக இருந்த அந்த மனிதர், பிரசங்கத்தில் திட்டியது போதாதென்று சோம்பேறிகளையும் குடிகாரர்களையும் செய்யுளிலும் திட்டினார். மிச்ச நேரத்தில் வெப்பமானியும் காற்றழுத்தமானியும் பியானோவும் தம் கையாலேயே செய்தார். நூல் அச்சேறியது 1818இல். அதற்குள் திட்டு வாங்கியவர்கள் அனைவரும் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள், அகப்பட்டுக்கொண்டவன் நான்.

யாப்போ ஹோமரின் ஆறுசீர் யாப்பு. அந்த நடை பிசகாமல் பேச வேண்டும் என்பதற்காக மனைவி அகப்பையால் மேசையைத் தட்டித் தட்டிப் பயிற்சி கொடுத்ததில், இரண்டே வாரத்தில் நான் உப்புக் கேட்பதுகூட ஆறு சீரில் அமைந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டி எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் ஒரு சீரைத் தவறவிடுகிறார் என்று மனைவி குறைபட்டுக்கொண்டாள். இந்நாட்டின் பெரிய நாடக இயக்குநராக இருந்த எய்முந்தாஸ் நெக்ரோஷியஸ் 2003இல் இதே கவிதையை மேடையேற்றியிருக்கிறார் என்பதை ஒத்திகைக்கு வந்தவர்களில் ஒருவராவது எங்களுக்கு நினைவூட்டாமல் திரும்பியதில்லை.

என் பாத்திரத்தின் வரலாறு சுருக்கமானது. பிளௌசூனாஸ் குடித்துவிட்டுத் தன் அரிவாளைத் தொலைக்கிறான். புதியது வாங்கக் கோனிக்ஸ்பெர்க் நகருக்குப் போய், வேடிக்கை பார்த்து, குதிரையையும் குடித்துத் தீர்த்து, இரண்டு வாரம் கழித்து நடந்தே வீடு திரும்புகிறான். தொலைத்தவனுக்கு எதற்கு அரிவாள் என்று கேட்டுப் பார்த்தேன். அறுக்கத் தெரிந்தவன் என்பதை முதலில் காட்டினால்தான் தொலைத்ததன் அருமை தெரியும் என்று தீர்ப்பளித்தவர் என் மாமியார். அட்டையில் நாங்கள் செய்திருந்த அரிவாளைப் பார்த்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் கிராமத்துக்குப் போனவர், அடுத்த வாரம் மாமனாரின் உண்மையான அரிவாளைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினார்.

அது நம் கதிர் அரிவாள் அல்ல. ஆளுயரக் கம்பில் பூட்டி, நின்றபடி வீசிப் புல்லறுக்கும் கருவி. அதைச் சுமந்துகொண்டு டிராலிபஸ்ஸில் ஏறிய பாவம் என்னுடையது. இந்த ஊரில் சாவுத் தேவதையான கில்தினேயின் கையில் இருப்பதும் இதுவேயாதலால், எதிரில் இருந்த கிழவி சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, தன் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிப்போனார்.

நாடகம் தொடங்கியது. சூரியன் மறுபடி மேலேறி உலகை எழுப்பும் முதலடியைப் பள்ளியில் படிக்காத லித்துவானியர் கிடையாது என்பதை நாங்கள் கணக்கில் கொள்ளவில்லை. கவிஞர் வேடமிட்டவர் வாயைத் திறந்ததும் மண்டபம் முழுவதும் சேர்ந்து சொல்ல, அவர் வெறுமனே உதட்டை அசைத்துவிட்டு நின்றார். பிறகு என் முறை. இரண்டு வீச்சுக்கூட முடியவில்லை. அரிவாள் அலகின் குதி தரையில் படியட்டும் என்று இரண்டாம் வரிசையிலிருந்து மாமியாரின் குரல் எழுந்தது. படியவில்லை. முதுகை வளைக்காதே என்று அடுத்த ஆணை. அவருடைய குரலையும் கவிதையின் பகுதியென்றே எண்ணிய பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வாழ்த்த வந்தவர்கள் எல்லாரும் அவரையே சூழ்ந்துகொண்டார்கள்.

எரிச்சலோடு வீட்டுக்கு வந்து அரிவாளைச் சுவரில் சாய்த்தபோதுதான் கவனித்தேன். கம்பில் ஓரிடம், பல கோடைகளின் வியர்வையால் கறுத்து வழவழப்பாக இருந்தது. கைப்பிடி அங்கே இல்லை. அதற்கு ஒரு சாண் கீழே, புதிய ஆப்பு வைத்து இறுக்கப்பட்டிருந்தது. மாமனார் என்னைவிட ஒரு தலை உயரம். அவர் போன பிறகு அந்த அரிவாளைத் தொட மாமியார் யாரையும் விட்டதில்லை.

மார்ச் மாதத்தில் மாமியார் தொலைபேசியில் அழைத்து, தரையிலிருந்து என் இடுப்பு எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கால்சட்டை தைக்கப்போகிறார் என்று எண்ணி, கௌரவத்துக்காக நான்கு சென்டிமீட்டர் கூட்டிச் சொல்லியிருந்தேன். குதி ஏன் தரையில் படியவில்லை என்று இன்றுவரை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்; நானும் பாதகுறட்டைக் குறை கூறிக்கொண்டிருக்கிறேன்.